ஓடாத வண்டிக்கும் எண்ணெய் மாற்ற வேண்டுமா?

நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போர்வை போர்த்தியபடி நின்றுகொண்டிருப்பதை நாம் காண்கிறோம். அதை வாங்கிய மகன் குவைத்திலோ துபாயிலோ, அன்றிக் கப்பல் ஒன்றிலோ பணி செய்துகொண்டிருப்பான். ஆண்டுக்கு ஒரு முறை, சில வேளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, முப்பது நாள் விடுமுறையில் வருவான். அந்த முப்பது நாளும் வண்டிக்கு ஓட்டமோ ஓட்டம். எஞ்சிய பதினொரு மாதமும் அதைக் காத்து நிற்பவர் வீட்டிலுள்ள தந்தைதான். இப்படிக் காத்து நிற்போர் பலர் நம்மிடம் கேட்டிருக்கும் கேள்வியே இக்கட்டுரையின் தலைப்பு. ஓடாத வண்டிக்கு எண்ணெய் எதற்கு?

இக்கேள்விக்கு விடை தேட நாம் நூல்களைப் புரட்டத் தொடங்கியது நம் பெரியப்பா வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியால். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர் அவர். 2021-ஆம் ஆண்டு அவருடைய மகன் தன் நூறு சி.சி. வண்டியைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு வளைகுடா நாட்டுக்குச் சென்றான். "பாத்துக்கிடுங்கப்பா" என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னான். பெரியப்பா அச்சொல்லை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு நாமே சாட்சி. நாள்தோறும் துடைப்பார். ஞாயிறு தோறும் திருப்பலி முடிந்து வந்ததும், சட்டையைக் கூட மாற்றாமல், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே இயக்கி ஐந்து நிமிடம் ஓடவிடுவார். மாதத்தில் ஒரு நாள் ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைத்தெரு வரை ஓட்டிச் செல்வார். எண்ணெய் மாற்றுவதைப் பற்றி நாம் ஒரு முறை கேட்டபோது சிரித்தார். "ஓடினால்தானே மக்களே எண்ணெய் கெடும்? மீட்டரைப் பாரு. மூணு வருசத்திலே இருநூறு கிலோமீட்டர் கூட ஆகல்லை" என்றார். அதற்கு மறுமொழி கூற அன்று நமக்கும் தெரியவில்லை.

2024-ஆம் ஆண்டு தங்கையின் திருமண ஏற்பாட்டுக்காக மகன் வந்தான். அழைப்பிதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் புறப்பட்டவன் மூன்றாம் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். எஞ்சினின் தலைப்பகுதியில் 'டக் டக்' என்ற ஓசை. மெக்கானிக் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். அதன் உட்புறத்தில் பாலாடை போன்று வெளிறிய பசை அப்பியிருந்தது. கீழேயுள்ள திருகைக் கழற்றியபோது வெளிவந்தது கறுத்த எண்ணெயன்று. பால் விட்ட காப்பியின் நிறத்தில் ஒரு குழம்பு. உள்ளே பேரிங்குகளில் துரு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டில் அரிப்புப் புள்ளிகள். செலவு ஏழாயிரத்தை நெருங்கியது. எண்ணெயை ஒரு முறை மாற்றியிருந்தால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

பணம் கூடப் பெரிதன்று. "ஏன்ப்பா, ஒரு தடவை கூட மாத்தலையா?" என்று மகன் கேட்ட கேள்வியில் சினம் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் பெரியப்பா அன்று முழுவதும் திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்தார். மூன்று ஆண்டுகள் ஒரு ஞாயிறு கூடத் தவறாமல் தாம் செய்த பணிவிடையே வண்டியைக் கெடுத்தது என்று மெக்கானிக் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதை அவரால் தாங்க முடியவில்லை. அந்த மெக்கானிக் சொன்னது உண்மைதானா என்று அறிய நாமும் விரும்பினோம். உண்மைதான்.

பெட்ரோல் எரியும்போது புகை மட்டும் உண்டாவதில்லை, தண்ணீரும் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். குளிர்ந்த காலை வேளையில் வண்டியை இயக்கியதும் புகைக்குழாயின் நுனியில் நீர் சொட்டுவதை நாம் கண்டதில்லையா? அந்த நீர்தான் இது. பெரும்பகுதி ஆவியாகக் குழாய் வழியே வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எரியாத பெட்ரோல் துளிகளோடு, கீழேயுள்ள எண்ணெயில் சென்று சேர்கிறது.

வண்டி நெடுந்தொலைவு ஓடினால் இதனால் தீங்கில்லை. எண்ணெய் எண்பது, தொண்ணூறு டிகிரி சூட்டை எட்டி அந்நிலையில் சிறிது நேரம் நிலைத்திருக்கும்போது, அதில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி, எஞ்சினின் சுவாசக் குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடம் மட்டும் ஓடும் எஞ்சினில் நடப்பது வேறு. அதன் மேற்பகுதியைத் தொட்டால் கை சுடும். 'நன்றாகச் சூடேறிவிட்டது' என்று நாம் நிறுத்திவிடுவோம். ஆனால் அடியிலுள்ள எண்ணெய் அப்போதுதான் வெதுவெதுப்பாகத் தொடங்கியிருக்கும். நீர் உள்ளே வந்தது வந்ததுதான், வெளியேற வழியில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த ஞாயிறு மேலும் கொஞ்சம். மூன்று ஆண்டுகளில் நூற்றைம்பது ஞாயிறுகள்! பெரியப்பா வண்டியைச் சும்மா விட்டிருந்தால் கூட இத்தனை நீர் சேர்ந்திராது.

நீரோடு தீமை நின்றுவிடுவதில்லை. எரிதலில் உண்டாகும் நைட்ரஜன் வாயுக்களும், பெட்ரோலில் உள்ள சிறிதளவு கந்தகமும் நீரோடு கூடி அமிலமாகின்றன. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் கந்தகம் மிகவும் குறைக்கப்பட்டுவிட்டது என்பது நல்ல செய்தி. எனினும் அமிலம் அறவே இல்லாமற் போய்விடவில்லை. அதை முறிப்பதற்கென்றே எண்ணெய் செய்வோர் காரத்தன்மையுள்ள மருந்துச் சரக்குகளைச் சேர்த்து விற்கின்றனர். அவை சிறிது சிறிதாகச் செலவழிகின்றன. செலவழிந்து தீர்ந்த பின் எண்ணெய் உலோகத்தைக் காக்கும் காவலனாக இராது. எண்ணெயின் பணி உராய்வைத் தடுப்பது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். உறங்கும் வண்டிக்கு உராய்வு ஏது? அங்கே எண்ணெயின் முதற்பணி துருவிடமிருந்து காப்பதே.

நம் கடற்கரை ஊர்களில் இது மேலும் கடினமாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காற்றே ஈரத்துணி போலிருக்கும். பகலில் சூடேறிய எஞ்சின் இரவில் குளிரும்போது சுவாசக் குழாய் வழியே அந்த ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓடாத வண்டிக்கும் சுவாசம் உண்டு.

அப்படியானால் எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது? வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. பெரியப்பா அதைப் படித்தவர்தாம்; ஆனால் பாதி வரியோடு நிறுத்திவிட்டார். 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டர்' என்பதைப் படித்தவர், அதையடுத்து வரும் 'அல்லது இத்தனை மாதங்கள், இவற்றுள் எது முந்துகிறதோ அது' என்பதைக் கவனிக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான்.

நம் கருத்து இது. எவ்வளவு குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். கோயிலுக்கும் கடைக்கும் என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியாயின், கடற்கரை ஊரும் ஆயின், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நலம். கையேடு இதற்கும் குறைந்த காலம் சொன்னால் கையேட்டின் சொல்லே மேலானது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகளும் உளர். ஓடாத வண்டிக்கு அது வீண் செலவு என்றே நாம் கருதுகிறோம். விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் ஊற்றினால் மூன்று ஆண்டு தாங்கும் என்போரும் உண்டு. அவ்வகை எண்ணெய் வெப்பத்தில் எளிதில் கெடாது என்பது மெய்யே. ஆனால் வெளியிலிருந்து வந்து சேரும் நீருக்கு விலை மலிந்த எண்ணெயும் ஒன்றுதான், விலையுயர்ந்ததும் ஒன்றுதான்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் பலரும் தவறுகின்றனர். மகன் வந்ததும் மாற்றலாம் என்று காத்திருக்கின்றனர். அது தலைகீழ். விடுமுறை முடிந்து அவன் புறப்படும் வாரத்தில் மாற்ற வேண்டும். ஒரு மாதம் ஓடி, அழுக்கும் அமிலமும் சேர்ந்த எண்ணெயைப் பதினொரு மாதம் உள்ளே தேக்கி வைப்பானேன்? புதிய எண்ணெயோடு உறங்கவிட்டால், அவன் திரும்பி வரும்போது அளவைச் சரிபார்த்து அப்படியே ஓட்டலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கறுத்துவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது நல்ல எண்ணெயின் இயல்பு. வெளிறிய பால் நிறமே அபாய அறிவிப்பு.

எண்ணெய் வாங்கும்போது காருக்குரியதை வாங்கிவிடாதீர்கள். இன்றைய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. உராய்வை மிகவும் குறைக்கும் சரக்குகள் கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவின் மேல் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்குவது நன்று. பழைய ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை இன்னும் போற்றி வைத்திருப்போர்க்கு ஒரு சொல்: அவற்றில் எஞ்சினுக்கான எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோவதால் மாற்றும் வேலை இல்லை. ஆனால் கியர்பெட்டியில் தனியே எண்ணெய் உண்டு. அதை மறந்தே போனவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் பெட்ரோல் திறப்பை மூடாமல் மாதக்கணக்கில் விட்டால், சில வேளை பெட்ரோல் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் மட்டம் முன்பைவிட உயர்ந்திருந்து, பெட்ரோல் வாடையும் வீசினால், வண்டியை இயக்கவே கூடாது. எண்ணெயை உடனே மாற்ற வேண்டும். குறைந்தால் அஞ்சுகிறோம், உயர்ந்தாலும் அஞ்ச வேண்டும்.

ஞாயிறு தோறும் ஐந்து நிமிடம் இயக்கும் பழக்கத்தை என்ன செய்வது? விட்டுவிடுங்கள். மாதம் ஒரு முறையோ இரு முறையோ, பதினைந்து இருபது கிலோமீட்டர், அரை மணி நேரம் சாலையில் ஓட்டி வாருங்கள். ஸ்டாண்டில் நிறுத்தியபடியே அரை மணி நேரம் இயக்குவதும் தீர்வாகாது. காற்றுப் பட்டுக் குளிர வேண்டிய எஞ்சின் நின்ற இடத்தில் அளவுக்கு மீறிக் கொதித்துவிடும். ஓட்டி வர ஆளில்லை என்றால், புதிய எண்ணெய் ஊற்றி, போர்வை போர்த்தி, தொடாமல் விட்டுவிடுவதே மேல்.

பெரியப்பாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. இருபது கிலோமீட்டர் ஓட்ட அவரால் இயலாது. எனவே மாதத்தின் முதற் சனிக்கிழமை நாம் அவ்வூருக்குச் சென்று, அவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நாகர்கோவில் வரை போய் வருவதென்று ஏற்பாடாயிற்று. எண்ணெய் மாற்றும் நாளை அவர் கொடியேற்றத் திருநாளைக் குறிப்பது போல் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். 2025 அக்டோபரில், மழைக்கு முன், நாம் இருவருமே முற்றத்தில் எண்ணெயை வடித்தோம். முதலில் சொட்டியதை ஒரு பழைய கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிந்த கரும்பழுப்பு, பாலாடையின் சுவடே இல்லை. குவளையை நம்மிடம் நீட்டி, "பாரு மக்களே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கழிவெண்ணெயைத் தென்னை மூட்டில் ஊற்றுவதற்காக எடுத்துக்கொண்டு நடந்தார். கிணறு அங்கிருந்து பத்தடிதான். ஒரு காலன் கழிவெண்ணெய் பத்து இலட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையினர் எச்சரிக்கின்றனர். நாம் ஓடிச் சென்று அதை வாங்கி, புது எண்ணெய் வந்த காலி டப்பாவிலேயே ஊற்றி மூடினோம். பழைய எண்ணெயைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறை ஒன்று நாகர்கோவிலில் இருக்கிறது. அடுத்த முதற் சனிக்கிழமை அவர் மடியில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு வந்தார்.