பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

குன்னூருக்கு அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஏழாம் வகுப்பில் கழிவுகளைப் பற்றிப் பேசியபோது, "குப்பைக்கு விலை உண்டா?" என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "பாட்டிலுக்குப் பத்து ரூபாய் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. எந்தப் பாட்டில் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேச்சை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அவள் தொடர்ந்தாள்: "கொழுந்து பறிக்கறப்ப எங்க பாட்டி கால்ல கண்ணாடி குத்தி ஒரு மாசம் வேலைக்குப் போகல சார். இப்ப அந்த மாதிரி பாட்டிலப் பாத்தா பாட்டியே எடுத்து வெச்சிரும்." சிரிப்பு அடங்கியது. அன்றைய பாடம் அங்கிருந்தே தொடங்கியது.

பத்து ரூபாய் செய்த வேலை

நீலகிரிக் காடுகளில் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து, 2022 மே மாதம் இம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. வாங்கும்போது கூடுதலாக 10 ரூபாய் செலுத்த வேண்டும். காலி பாட்டிலை உடையாமல் திருப்பித் தந்தால் அந்தத் தொகை கிடைத்துவிடும். பின்னர் இது பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

இது புதிய யோசனை அல்ல. கோலி சோடா குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்த தலைமுறை நம்முடையது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படும் பானப் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் வைப்புத்தொகை கட்டாயம்.

நேர்கோடும் வட்டமும்

எடு, செய், பயன்படுத்து, எறி என்பது நேர்கோட்டுப் பொருளாதாரம். எறியும் இடத்தில் கோட்டை வளைத்துத் தொடக்கத்தோடு இணைப்பது சுழற்சிப் பொருளாதாரம்.

கண்ணாடி செய்ய மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைச் சேர்த்து உருக்கினால் எரிபொருள் குறையும். முழு பாட்டிலைக் கழுவி மீண்டும் நிரப்பினால் உலையே தேவையில்லை. மறுசுழற்சியைவிட மறுபயன்பாடு மேலானது என்பதை மாணவர்கள் இந்த எடுத்துக்காட்டில் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தோட்டத்திலேயே இன்னொரு வட்டம் உண்டு. கவாத்து செய்த தேயிலைக் கிளைகளையும் இலைகளையும் வரிசைகளுக்கு இடையே பரப்பிவிடுவார்கள். அவை மண் அரிப்பைத் தடுத்து, மட்கி, செடிக்கே உரமாகின்றன. "இயற்கையில் குப்பை என்று ஒன்று இல்லையா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இந்தப் பாடத்தின் சாரமே அந்தக் கேள்விதான்.

எல்லை எங்கே?

"பாட்டில் திரும்பி வந்துருச்சு. குடிக்கிறது குறையலையே சார்?" என்று இன்னொருவன் கேட்டபோது சற்றுத் திகைத்தேன். அவன் சொன்னது உண்மை. வைப்புத்தொகை பாட்டிலைத்தான் மீட்கும், மனிதரை அல்ல. பாட்டில்களை வாங்கி அடுக்கும் கடை ஊழியர்களுக்கு வேலைச்சுமையும் கூடியது. எந்த வட்டத்தையும் யாரோ ஒருவரின் உழைப்புதான் சுற்ற வைக்கிறது. குறைத்தல் முதலில், மறுபயன்பாடு அடுத்து, மறுசுழற்சி கடைசியில் என்ற வரிசையின் பொருளை அன்றுதான் நானும் முழுமையாக உணர்ந்தேன்.

வகுப்பில் செய்து பார்க்க

ஒரு வாரம் வீட்டுக் குப்பையை நான்கு பத்திகளில் குறித்துவரச் சொல்லுங்கள்: திருப்பிக் கொடுக்கக்கூடியவை, மீண்டும் பயன்படுபவை, மட்குபவை, எதிலும் சேராதவை. தொடக்க வகுப்பினர் படம் வரையலாம். உயர் வகுப்பினர் எடை போட்டுச் சதவீதம் காணலாம். யார் வீட்டுக் குப்பை என்று வெளியே தெரியாதபடி வகுப்பின் மொத்தக் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். பெயர் தெரிந்தால் சில பிள்ளைகளுக்கு அது வலிக்கும்.

எங்கள் வகுப்பில் நான்காம் பத்தியில் அதிகம் இருந்தவை சிப்ஸ், பிஸ்கட் உறைகள். நெகிழியும் உலோகப் படலமும் ஒட்டிய அந்த உறைகளைப் பிரிப்பது கடினம். "அப்படியானால் இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்ற கேள்வி வரும்வரை காத்திருங்கள். குப்பையை ஒழுங்காகப் போடு என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். பொருளை உருவாக்கும்போதே அதன் முடிவையும் யோசிக்க வேண்டும் என்று கேட்கும் தலைமுறை, அந்தக் கேள்வியிலிருந்துதான் வரும்.