கடல் கடந்தும் கேட்குமா கைதட்டல்?

இரவு மணி 10. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். கோவில் திருவிழா. பாய், தலையணையோடு வந்த பெண்களும் குழந்தைகளும் மேடைக்கு முன்னால் இடம் பிடித்துவிட்டார்கள். ஆர்மோனியம் ஒலிக்கிறது. "வள்ளி திருமணம்" நாடகம் ஆரம்பம்!

அதே நேரத்தில் துபாயில் மணி எட்டரை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய அந்த ஊர் வாலிபர், செல்போனில் அதே நாடகத்தைப் பார்க்கிறார். சிங்கப்பூரில் இருப்பவருக்கோ நள்ளிரவு 12.30. அவரும் தூங்கவில்லை!

மேடைக்கு எதிரே ஒரு கேமரா, கூடவே இணையம். இவை இருந்தால் இது நடக்கும். ஆனால் பார்ப்பது வேறு. சபையில் இருப்பது வேறு.

ஒத்திகை இல்லை!

இந்த நாடகத்துக்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். பபூன் இன்னோர் ஊர். ஒத்திகையே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்த பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் துணிச்சலில் விடியும்வரை நடிப்பார்கள்.

அப்படியானால் நாடகத்தை நடத்திச் செல்வது யார்? சபைதான்! ஜனங்கள் சிரித்தால் பபூன் வேடிக்கையை நீட்டுவார். கொட்டாவி விட்டால் சுருக்குவார். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் சூடு ஏறுவதும் கைதட்டலால்தான்.

பாரீசில் நடந்த அதிசயம்

தூரத்து ரசிகரைச் சேர்க்கும் ஆசை புதிதல்ல. 1881-ல் பாரீஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர், சங்கீத நாடக மேடையின் ஓரத்தில் டெலிபோன் கருவிகளை வைத்தார். வேறு கட்டடத்தில் இருந்த ஜனங்கள் இரு காதிலும் குழலை வைத்துப் பாட்டைக் கேட்டார்கள். 2009 ஜூன் 25-ந் தேதி லண்டன் நேஷனல் தியேட்டர் தன் நாடகத்தைச் சினிமாக் கொட்டகைகளுக்கு நேரடியாக அனுப்பியது. இரண்டிலும் ரசிகர் கேட்டார், பார்த்தார். அவர் சிரித்தது நடிகருக்குக் கேட்கவில்லை.

இணையத்திலும் ஒரு தொல்லை உண்டு. காட்சி சில விநாடி தாமதமாகவே போய்ச் சேரும். துபாய்க்காரர் சிரிப்பதற்குள் பபூன் அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுவார்!

பெயர் சொன்னால் போதும்

இதற்கு வழி நம் மேடையிலேயே இருக்கிறது. அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரை மைக்கில் சொல்வது பழைய வழக்கம். அதற்குச் சில விநாடி தாமதம் ஒரு பொருட்டல்ல. மேடை ஓரத்தில் ஒருவர் செல்போனோடு உட்காரட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பாராட்டையும், "இந்தப் பாட்டைப் பாடுங்கள்" என்ற வேண்டுகோளையும் காட்சிக்கு நடுவே வாசிக்கட்டும். அன்பளிப்பு நடிகர் கைக்கே போகட்டும்.

இது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. திருவிழாக் காலம் தொடங்கும் பங்குனி மாதம் அது. திருவிழா நின்றது, மேடை நின்றது, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கலைஞர்களின் வீட்டில் அடுப்பும் தவித்தது. தூரத்து ரசிகரின் கை நீண்டால், அந்தக் குடும்பங்களுக்கு அது ஒரு துணை.

திருவிழா வரியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணமும் உண்டு. பாய் விரித்த கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டாமா? "துபாயில் இருக்கும் நம் ஊர்த் தம்பி" என்று மைக்கில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். முன்வரிசையில் இருக்கும் அவருடைய தாயார் நிமிர்ந்து உட்காருவார்!