இணையம் அறிவோம் – 9: நூறு எம்பிபிஎஸ், இரண்டு ஜிபி

தினம் 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்கிறோம். 100 எம்பிபிஎஸ் வேகம் கிடைக்கிற இடத்தில், அதை ஒரே மூச்சில் இறக்கினால் 160 விநாடியில் தீர்ந்துவிடும். மூன்று நிமிடம்கூட இல்லை. இருந்தும் பலருக்கு ராத்திரி வரை தாக்குப்பிடிக்கிறதே, எப்படி?

எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேகம். ஜிபி என்பது மொத்த அளவு. அதுவும் பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு வருவது 12.5 எம்பிதான். வேகத்தைப் பிட்டில் சொல்வது தொலைத்தொடர்பில் வெகுநாள் வழக்கம், இதில் சதி ஒன்றும் இல்லை. எண் பெரிதாகத் தெரிவதில் கம்பெனிகளுக்கு வருத்தமும் இல்லை!

வீடியோ ஓடும்போது இணைப்பின் வேகம் முழுவதும் செலவாவதில்லை. படத்தின் தரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ, சராசரியாக அவ்வளவுதான் இறங்கும். அது எத்தனை எம்பிபிஎஸ் என்று தெரிந்தால் 0.45ஆல் பெருக்குங்கள்; மணிக்கு எத்தனை ஜிபி என்பது வந்துவிடும். 160 கேபிபிஎஸ் தரத்தில் பாட்டு கேட்டால் மணிக்கு 72 எம்பி. நாள் முழுக்க அடுப்படியில் பாடினாலும் கவலை இல்லை. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி, எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. தினம் இரண்டு மணி நேரம் எச்டியில் பார்த்தால் மாதம் 180 ஜிபி.

டிவியைத் திட்டுகிற நாம் வாசலில் மாட்டிய கேமராவை மறந்துவிடுகிறோம். 2 எம்பிபிஎஸ் தரத்தில் இருபத்துநாலு மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்புகிற கேமரா, மணிக்கு 900 எம்பி தின்னும். நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி! நாம் எதையும் டவுன்லோடு செய்யவில்லையே என்றால், அப்லோடும் கணக்கில் சேரும். மெமரி கார்டில் பதியவைத்தாலோ, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்பச் சொன்னாலோ இந்தச் செலவு பெருமளவு குறையும்.

இத்தனைக்கும், ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் பல ஃபைபர் திட்டங்களின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் உச்சவரம்பு 3,300 ஜிபி. அந்த டிவியும் கேமராவும் சேர்ந்தே 828 ஜிபிதான், கால்வாசி. அதனால் டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு என்பது என் கருத்து. ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பார்க்கிற வீடு என்றால் வேகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

மொபைல் டேட்டாதான் இடிக்கும். அன்றைய அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் 1 எம்பி போட்டோ ஒன்று வந்து சேர இரண்டு நிமிடம் ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிவிக்கு அதுவும் வைஃபைதான், தாராளமாக எச்டிக்குத் தாவிவிடும். மணிக்கு 3 ஜிபி என்றால் 2 ஜிபி நாற்பதே நிமிடம். படம் இடைவேளையைத் தொடாது. டிவியில் தரத்தை 480க்குக் குறைத்துவிட்டு உட்காருங்கள்.