இளவேனிலில் ஒரு வசந்தம்

சித்திரையிலும் வைகாசியிலும் ஆலயத்தில் சங்கல்பம் செய்துகொண்ட அன்பர்கள் இதைக் கவனித்திருக்கக்கூடும். வெளியே அக்னி நட்சத்திர வெயிலில் பிரகாரத்துக் கல் காலைச் சுடும். உள்ளே சிவாசாரியார் ‘வஸந்த ருதௌ’ என்பார். ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துச் சென்றால், தெளிந்த வானத்துக்குப் பெயர்பெற்ற ‘சரத் ருது’ நம்மை வரவேற்கும்!

வடமொழி நூல்கள் கூறும் ஆறு ருதுக்களும் வடபுலத்து வானிலையை ஒட்டியவை. அங்கே ஆவணி, புரட்டாசியோடு மழை ஓய்ந்து வானம் வெளுக்கும். தமிழகத்திலோ ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. பூக்களின் பருவமாகிய வசந்தத்துக்கு உரிய அதே இரு மாதங்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் இளவேனில். அதாவது, இளைய வெப்பம்.

பஞ்சாங்கத்தை அவர்கள் திருத்தவில்லை. உற்சவத்தின் பெயரையும் மாற்றவில்லை. வசந்தோற்சவம் என்ற பெயரை வைத்துக்கொண்டே, அதை இறைவனின் திருமேனியைக் குளிர்விக்கும் விழாவாக ஆக்கிக்கொண்டார்கள்.

மதுரைப் புதுமண்டபத்தைப் பார்த்தால் இது விளங்கும். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென்றே எழுப்பியது அது. வசந்த மண்டபம் என்பதும் அதன் பெயரே. மண்டபத்தைச் சுற்றி அகழிபோல் ஒரு நீர்த்தொட்டி. வைகாசியில் அதில் நீர் நிரப்பி, அன்னை மீனாட்சியையும் சொக்கநாதரையும் நடுவே எழுந்தருளச் செய்தால், நீரைத் தழுவிய காற்று தூண்களிடையே புகுந்து சுவாமியைச் சேரும். தரிசிக்க நிற்பவரையும் சேரும். சிற்பியும் சிவாசாரியாரும் சேர்ந்து யோசித்த ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருவரங்கத்தார் இன்னும் வெளிப்படை. வெளிக்கோடை, உள்கோடை என்றே பெயரிட்டு நம்பெருமாளுக்குக் கோடைத் திருநாள் நடத்துகிறார்கள். சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தொங்கும். வெட்டிவேர் மணக்கும் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

எல்லாம் இவ்வாறு இசைந்துவிடவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் துறவியரின் சாதுர்மாஸ்யம், வியாச பூர்ணிமையில்தான் இங்கும் தொடங்குகிறது. அப்போது நம் ஊர்களில் பெரும்பாலும் காற்றுதான்.

இன்று கவலை வேறிடத்தில் இருக்கிறது. புதுமண்டபத்தில் பல்லாண்டுகள் தையற்கடைகளும் வளையற்கடைகளும் நிறைந்திருந்து, அண்மையில்தான் வேறிடம் பெயர்ந்தன. எத்தனையோ ஊர்களில் நந்தவனம் இருந்த இடத்தில் கருங்கல் தளம் வந்துவிட்டது. நீராழி மண்டபத்தைச் சுற்றி நீரில்லை. அர்ச்சனை, அலங்காரம், புறப்பாடு எதுவும் குறைவதில்லை. தண்ணீர் ஒன்றுதான் இல்லை. அதை வசந்தோற்சவம் என்று எப்படிச் சொல்வது? வெறுங்காலுடன் வலம் வரும் முதியோருக்காகத் தென்னை நார் விரிப்பை நனைத்துப் போடும் கோயில், அகழியில் நீர் நிரப்பியவர்களின் வழியில்தான் நடக்கிறது. அதை ‘வசதி’ என்ற கணக்கில் எழுதுவது பொருந்தாது. உற்சவக் கைங்கரியத்திலேயே சேர்க்கலாம்.

திருவண்ணாமலையில் அக்னி நட்சத்திரம் முடியும்போது அருணாசலேசுவரருக்கு 1,008 கலசாபிஷேகம் நடைபெறும். தாராபாத்திரம் இறங்கும். பஞ்சாங்கத்தில் வசந்த ருது முடிய அப்போதும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்.