இடப்பக்க ஜன்னல்

சென்னைக்காரர்களுக்குத் திருவண்ணாமலை என்றால் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவதுதான். ரயில் நினைவுக்கு வருவது பௌர்ணமி கிரிவலம் நெருங்கும்போது. அன்று ஜன்னலோரம் கிடக்கட்டும், கால் வைக்கவே இடம் கிடைக்காது. சாதாரண நாளில், பகல் நேர பாசஞ்சரில், விழுப்புரத்தில் ஏறிப் பாருங்கள்.

விழுப்புரம்–காட்பாடி பாதை 161 கிலோமீட்டர். கொங்கண் ரயில்போல இங்கே மயங்க முடியாது. கரும்பும் வேர்க்கடலையுமாக வயல்கள், நடுநடுவே பாறைக் குன்றுகள், ரயில் நின்றால் மட்டுமே உயிர் வரும் சின்ன ஸ்டேஷன்கள்.

அதில் ஒன்று மாம்பழப்பட்டு. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் ரயிலேறிய 16 வயது வெங்கடராமன், பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்து, அண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்தான் என்று 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். ஊருக்கே ரயில் வந்துவிட்டது அந்த அட்லஸுக்குத் தெரியாது. விழுப்புரத்தில் வண்டி மாறவேண்டும் என்று உடன் வந்த மௌல்வி ஒருவர் சொன்னார். கையில் மிச்சம் இரண்டரை அணா. அது மாம்பழப்பட்டு வரைக்கும்தான் கண்டது. அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர் கோயிலில் கொஞ்ச நேரம், பிறகு திருக்கோவிலூர் கீழூர். பசி. காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1 காலையில் அண்ணாமலையில் இறங்கினார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். கடுக்கனை மீட்க அவர் திரும்பிப் போகவே இல்லை.

அவர் டிக்கெட் எடுத்த அந்தத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டரில் புதுப் பாதை போட 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வழியில் இன்னும் பஸ்தான் ஓடுகிறது.

திருக்கோவிலூர் ஸ்டேஷன் உண்மையில் இருப்பது அரகண்டநல்லூரில். ஊர் தென்பெண்ணைக்கு அக்கரை. ஆற்றங்கரைப் பாறைமேல் நிற்கும் கோயிலை எட்டிப் பார்க்க அவகாசம் இருந்தால் இறங்கிவிடுங்கள், தப்பில்லை. அடுத்து ஆதிச்சனூர், அண்டம்பள்ளம், தண்டரை. இதற்குள் இடப்பக்க ஜன்னலுக்கு மாறியிருக்க வேண்டும். முதலில் வெளிறிய நீலமாக, குன்றுகளோடு குன்றாகத்தான் தெரியும் அண்ணாமலை. கிட்டே வரவர மற்றவை ஒதுங்கி, 2,668 அடியும் தனியாக எழுந்து நிற்கும். எதிர் சீட்டு அம்மா தூக்குவாளியை மடியிலிருந்து இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பெரும்பாலோர் திருவண்ணாமலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். என் கட்சி, காட்பாடி வரை போகவேண்டும் என்பது. செய்யாற்றைத் தாண்டிப் போளூர். அதற்கப்பால் ‘ஆரணி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன். பட்டுச்சேலை ஆரணியைத் தேடாதீர்கள், வெளியே இருப்பது அரிசி ஆலைகளின் களம்பூர். மேற்கே ஜவ்வாது மலைக் காடு கூடவே வரும். படவேடு ரேணுகாம்பாளுக்குப் போகிறவர்கள் கண்ணமங்கலத்தில் இறங்குவார்கள். வேலூர் தாண்டினால் பாலாறு, பெரும்பாலும் மணல்தான்.

2024 மே முதல் சென்னை பீச்–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டியிருக்கிறார்கள். அப்போது கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் மாலையில் கிளம்பி நள்ளிரவில் வந்து சேர்கிற வண்டி அது. தூங்க உதவும்.