பச்சைக் கோடும் கைப்பயிற்சியும்

தருமபுரி, பெண்ணாகரம், அரூர் முதலிய ஊர்களில் சந்தைக்கு வரும் மூதாட்டியர் சிலரின் முன்கைகளை உற்று நோக்குவோமாயின், நீலமும் பச்சையுங் கலந்த நிறத்தில் புள்ளிகளும் வரிகளும் கூடிய கோலங்களைக் காணலாம். அவை அவர்தம் இளமையிற் குத்தப்பட்டவை. குத்திய கை யாருடையது என்பதைப் பலரும் மறந்திருப்பர். ஆயினும் அக்கை உறுதியாய் நின்ற இடமும் தடுமாறிய இடமும் அத்தோலின்மீது இன்றும் விளங்கிக் கிடக்கின்றன. தாளில் எழுதிய பிழையை அழிக்கலாம். சுவரில் தீட்டிய பிழையைச் சுண்ணாம்பால் மறைக்கலாம். பிறர் மேனியில் எழுதிய பிழையோ அவரோடு வாழ்ந்து அவரோடு மறைவது. இக்காலத்தில் நம் பக்கத்து இளைஞருட் சிலரும் மின்சாரப் பொறிகொண்டு பச்சை குத்துந் தொழிலைக் கற்க விழைகின்றனர். அத்தகைய புதியோர் கோடு வரைவதில் தேர்ச்சி பெறும் வகை யாது என்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

முதற்கண் பழைய முறையைக் காண்போம். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராய் இருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார் 1906-லும் 1909-லும் வெளியிட்ட நூல்களில், தென்னாட்டு மக்களின் வழக்கங்களை விரிவாக எழுதிவைத்தார். ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தி வந்தோர் குறவர் மகளிர் என்பது அவர் காலத்துச் செய்தி. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியிற் பொதிந்து திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர்; மேலே கவிழ்த்த புதுப்பானையிற் படியும் கரியைச் சுரண்டி, நீரிலேனும் தாய்ப்பாலிலேனும் குழைப்பர்; நாலைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, அம்மையைத் தோலிற் குத்துவர். ஊசி ஒவ்வொரு முறையும் கையாலேயே குத்தப்பட்டமையால், கோடு என்பது உண்மையில் நெருங்கி அமைந்த புள்ளிகளின் வரிசையே.

மின்சாரப் பொறி வந்த பின்னரும் இவ்வுண்மை மாறவில்லை. தாமஸ் எடிசன் 1876-ல், தாளில் நுண்துளை இட்டுப் படியெடுக்கும் மின்பேனா ஒன்றுக்கு உரிமை பெற்றார். அதனை அடியொற்றிப் பச்சை குத்தும் பொறி ஒன்றை அமைத்து, நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரைலி என்பார் 1891-ல் உரிமை பெற்றார். பொறி விரைந்து குத்துகின்றது; எனினும் குத்துவது புள்ளியே. அப்புள்ளிகளைக் கோடாக இணைப்பது மனிதன் கை.

இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். ஒரு பொறி நொடிக்கு 100 முறை குத்துவதாகக் கொள்வோம். கை நொடிக்கு 10 மில்லிமீட்டர் நகருமாயின், ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துக் குத்துக்கள் விழும். கோடு இடையறாது அமையும். கை 40 மில்லிமீட்டர் விரையுமாயின் இரண்டரைக் குத்துக்களே விழும். கோடு புள்ளி புள்ளியாய்ச் சிதறும். கை தயங்கி நிற்குமாயின், ஓரிடத்திலேயே குத்துக்கள் குவிந்து தோல் புண்ணாகும். ஆகவே பொறியின் விரைவும் கையின் விரைவும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். இது புதிய கலையன்று. நம் வீட்டு வாயிலில் நாளும் நிகழ்வது. கோலமிடும் பெண் விரலிடையே மாவைச் சீராக ஒழுகவிட்டு, அவ்வொழுக்கிற்கேற்பக் கையை நகர்த்துகின்றாள். கை நின்றால் மாவு குவியும். விரைந்தால் இழை அறும். பச்சைக் கோட்டின் முதற்பாடத்தைக் கோலப்பொடியே கற்பிக்கும் என்போம்.

இனித் தோலின் அமைப்பை அறிதல் வேண்டும். முன்கை போன்ற இடங்களில் மேற்றோலின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. அது நாளும் உதிர்ந்து புதிதாவது. அங்கு நின்ற மை நிலையாது. அதன்கீழுள்ள உட்டோலிற் சேர்ந்த மையே நிலைக்கும். அதனையுங் கடந்து கொழுப்பிற் புகுந்த மை, ஈரத்தாளில் விழுந்த மைபோலப் பரவிக் கோட்டைச் சூழ நீலக்கறை உண்டாக்கும். ஆதலின் ஊசி செல்லத்தக்க ஆழம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையே. மணிக்கட்டின் உட்புறம் போன்ற மெல்லிய இடங்களில் அதனினும் கருத்து வேண்டும். உட்டோலில் உள்ள விழுங்கணுக்கள் மைத்துகள்களைப் பற்றி வைத்திருக்கின்றன. ஓரணு மடியும்போது அது விட்ட துகளை மற்றோரணு பற்றிக்கொள்கின்றது. இதனை 2018-ல் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளில் ஆய்ந்து வெளியிட்டனர். கரிய மை பச்சையாய்த் தோன்றுவதற்கும் தோலே காரணம்: நீல ஒளியைத் தோல் மிகுதியாய்ச் சிதறடித்து நம் கண்ணுக்குத் திருப்புகின்றது, ஆழச்செல்லும் செவ்வொளியைக் கரி விழுங்கிவிடுகின்றது.

இவ்வளவும் அறிந்த பின் பயிற்சி முறை எளிதில் விளங்கும். முதற் சில திங்கள் ஊசியைத் தொடாது, பேனாவால் நேர்கோடு, வட்டம், வளைகோடு ஆகியவற்றைத் தாளில் நாள்தோறும் வரைக. பொறியின் பாரத்தை ஒத்த ஒரு சுமையைப் பேனாவிற் கட்டிக்கொள்ளுதல் நன்று. சிறு வளைவுகளுக்கு விரல் போதும். நெடுங்கோட்டிற்கோ முழங்கையும் தோளும் இயங்க வேண்டும். கண் ஊசிமுனையில் நில்லாது, கோடு சென்றடைய வேண்டிய இடத்தைச் சற்று முன்னதாகவே நோக்குக.

பின்னர்ச் செயற்கைத் தோலிலும், சாத்துக்குடி, வாழைப்பழம் முதலியவற்றின் தோலிலும் பொறிகொண்டு பழகுக. யாம் வாழைப்பழத் தோலின்மேல் வெறும் பேனாவால் ஒரு வட்டம் வரைந்து பார்த்தோம். தாளில் எளிதாய் முடிந்த வட்டம் ஆங்கே நான்கிடத்திற் கோணிற்று. அழுத்தம் மிகுந்த இடமெல்லாம் சிறிது நேரத்திற் கறுத்தன. கையின் குற்றத்தை இவ்வளவு நேர்மையாய்க் காட்டும் ஆசிரியர் அரியர்!

மனிதத் தோலிலோ மேலும் ஓர் இடர் உண்டு, அது நெகிழ்வது. இடக்கை விரல்களால் தோலை நன்கு விரித்துப் பிடியாவிடின், ஊசியோடு தோலும் நகர்ந்து கோடு நடுங்கும். ஊசியை மிகச் சாய்த்துப் பிடித்தால் மை ஒருபுறம் கசியும். வலக்கையால் எழுதுவோர் படிவத்தின் கீழ்ப்புறத்து வலமூலையினின்று தொடங்குவது நலம். அங்ஙனமாயின் மிகுந்த மையைத் துடைக்குங்கால் எஞ்சிய படிவம் அழியாது. கோட்டை முடிக்குமிடத்தில் ஊசியை நிறுத்தி எடாது, கை நகரும்போதே மெல்ல உயர்த்துக. மெலிந்த கோட்டை அன்றே மீண்டும் மீண்டும் குத்துதல் பெரும்பிழை. புண் ஆறும்வரை நான்கு கிழமையேனும் பொறுத்திருந்து திருத்துக.

கோட்டினும் பெரிது தூய்மை. ஊசி குருதியைத் தொடுவதாதலின், ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய நோய்க்கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சேரக்கூடும். ஒருவர்க்குக் குத்திய ஊசியும், அவர்க்கென ஊற்றிய மையும் பிறர்க்கு ஆகா. மீண்டும் பயன்படும் உலோகப் பிடிகளை நன்கு கழுவியபின், அழுத்த நீராவிக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடமேனும் வைத்தல் வேண்டும். கையுறை ஒவ்வொருவர்க்கும் புதிதாதல் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் பலர்க்குக் குத்துவோரைக் கண்டால், அன்பர்காள், கையை நீட்டாதிருங்கள்.

புதியோர் பலரும் நண்பன் ஒருவன் கையிலேயே முதற்கோட்டை இட விரைகின்றனர்; நண்பனும் நட்பின் பொருட்டு இசைகின்றான். அந்நட்பிற்கு ஈடாக அவன் பெறுவது வாழ்நாள் முழுதும் சுமக்கும் ஒரு கோணற்கோடாயின், அது முறையாகுமா? லேசர் ஒளியால் பச்சையை நீக்கும் வழி இன்று உண்டெனினும், அது பல தவணைகளும் பெரும்பொருளும் வேண்டுவது. சுவடு முற்றும் மறையும் என்ற உறுதியும் இல்லை. ஆதலின் தாளில் நூறு கோடுகள் நடுங்காது வரும்வரை, தோல் காத்திருக்கட்டும். சந்தையில் நாம் கண்ட மூதாட்டியின் கையிலுள்ள கோலம், குத்தியவர் பெயர் மறைந்தும் அவர் பொறுமையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. நாளை நம் இளைஞர் இடும் கோடும் அங்ஙனமே சொல்லுமாறு கை பழகுவோமாக.