கடுகுக்கு ஒரு நடை, உளுந்துக்கு ஒரு நடை

மீன்சுருட்டியில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். கேம் விளையாட சிஸ்டம் அசெம்பிள் பண்ண, கடையில் எழுதி வாங்கிய கொட்டேஷன். கிராபிக்ஸ் கார்டு, ராம், பவர் சப்ளை எல்லாம் சரி. கடைசி வரியில் ‘ஹார்டு டிஸ்க் 1 டிபி’ என்றிருந்தது.

“அண்ணே, ஒரு டிபி போதும்ல?”

அளவு போதும்பா, வகைதான் சரியில்லை என்றேன்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த லேப்டாப் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. அதன் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தேன். மூடியைத் திறந்து அவனிடம் காட்டினேன். முகம் பார்க்கலாம் போல ஒரு தட்டு. அதன் மேல் நீண்டு நிற்கும் மெல்லிய கை. கையின் நுனியில் இருக்கும் தலைதான் படிப்பதும் எழுதுவதும். தட்டு சுழலும்போது அந்தத் தலை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். இவ்வளவு நுட்பமான பொறியை வீட்டுக்கு வீடு சேர்த்தது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

கேமுக்கு அது ஏன் ஆகாது? டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை நகர எட்டொன்பது மில்லி விநாடி. ஆக, ஒரு துணுக்கைத் தேடி எடுக்க ஏறக்குறைய 13 மில்லி விநாடி. மளிகைச் சீட்டை மொத்தமாகக் கொடுத்தால் ஒரே நடையில் முடியும் வேலை. கடுகுக்கு ஒரு நடை, உளுந்துக்கு ஒரு நடை என்று ஓடவிட்டால் பொழுது சாய்ந்துவிடும். சினிமா பார்ப்பது முதல் வகை, கேம் இரண்டாம் வகை. சிதறிக் கிடக்கும் 10,000 துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுக்க டிஸ்க்குக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தரவைச் சில்லுகளில் வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே இல்லை. ஒரு துணுக்குக்கு 0.1 மில்லி விநாடி என்று வைத்தாலும் ஒரே விநாடியில் முடிந்துவிடும்.

இந்த ஓட்டத்தைக் குறைக்க கேம் செய்பவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்பைடர்மேன் கேமில் தெருவோரத் தபால் பெட்டி போன்ற சில பொருள்களின் தரவை டிஸ்க்கில் 400 இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்ததாக, பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-ல் சொன்னார். தலை எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு பிரதி கிடைக்கட்டுமே என்றுதான்! 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்டு, எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே அறிவித்துவிட்டது.

எஸ்.எஸ்.டி. என்று முடிவு செய்தபின் இன்னொரு குழி இருக்கிறது. சாட்டா வகை விநாடிக்கு 550 எம்பி, என்விஎம்இ ஜென் 4 வகை 7,000 எம்பி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம் அது. பெரும்பாலான கேம்களில் இந்த இரண்டுக்கும் லோடிங்கில் சில விநாடிகள்தான் வித்தியாசம். சுருக்கி வைத்த தரவை பிராசஸர் பிரிக்கவும் நேரம் வேண்டுமே. விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று சொல்லும் எஃப்பிஎஸ்ஸைக் கூட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அதனால் இன்னும் வேகமான ஜென் 5-க்குக் கொட்டும் பணத்தை அளவில் போடு என்றேன். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் வந்துவிட்டன. 500 ஜிபி வாங்கினால் நாலைந்து கேமிலேயே மூச்சு முட்டும். 1 டிபி வாங்கினாலும் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாற்று வேலை இல்லை, எண்ணும் முறை வேறு.

ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையைக் கேட்டு வாங்கச் சொன்னேன். நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி மலிவு. பெரிய கேமை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது பாதி வழியில் அதன் வேகம் படுத்துவிடலாம். போர்டில் எம்.2 ஸ்லாட் என்விஎம்இ-யை ஏற்குமா என்று பார்ப்பதும் முக்கியம். நம்மூர் சித்திரை வெயிலில் எஸ்.எஸ்.டி.யின் சில்லு சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலே ஓர் அலுமினியத் தகடு ஒட்டினால் நல்லது.

சுழலும் டிஸ்க்கை ஒதுக்கவும் வேண்டாம். கல்யாண வீடியோ, படங்கள், விளையாடி முடித்த கேம்கள் எல்லாவற்றுக்கும் அதுவே சிக்கனம். ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்கினால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ வரியைப் படிக்க வேண்டும். சிசிடிவியில் மூன்று வருடம் ஓயாமல் ஓடியது என்றால் அங்கே 26,000-ஐத் தாண்டிய எண் நிற்கும்.

பையன் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த வரியையும் எழுதிக்கொண்டான்.